ஈவான்ஸ் காந்தத் தராசு: கரையாத சேர்மங்களோடு உழைப்பவர்களுக்காக ஒரு மதிப்புரை

பொருள்களின் காந்தக் குணத்தை அளக்கும் ஈவான்ஸ் தராசு வாங்கலாமா என்று வேறு கல்லூரிகளின் வேதியியல் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன். உங்கள் துறையில் யாராவது இடைநிலை உலோகங்களின் அணைவுப் பலபடிகளைத் தயாரிக்கிறார்கள் என்றால், தயங்காமல் வாங்குங்கள். முதுகலைச் செய்முறை வகுப்புக்கு மட்டும் என்றாலும் வாங்கலாம். ஆனால் இந்தக் கருவியின் முழு அருமை பலபடிகளில்தான் தெரியும். அது பார்க்காத ஒன்றைப் பார்த்ததாக ஆய்வேட்டில் எழுதிவிடும் ஆபத்தும் பலபடிகளில்தான் அதிகம். அதனால் பாராட்டையும் எச்சரிக்கையையும் பிரிக்காமலே எழுதுகிறேன்.

உலோக அயனியும் ஈனியும் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு அல்லது அயனி) மாறி மாறிப் பிணைந்து சங்கிலியாகவோ, தளமாகவோ, முப்பரிமாண வலையாகவோ நீண்டுகொண்டே போகும் திண்மம்தான் அணைவுப் பலபடி. அப்படி நீள்வதாலேயே அது பெரும்பாலும் எதிலும் கரைவதில்லை. வலிந்து கரைத்தால் வலை அறுந்து வேறு சேர்மமாகிவிடும். லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த டென்னிஸ் ஈவான்ஸ் 1959-இல், கரைசலின் காந்த ஏற்புத்திறனை (காந்தப் புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவை) என்எம்ஆர் எனும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியிலேயே அளந்துகொள்ளும் எளிய முறை ஒன்றைக் கொடுத்தார். தனி மூலக்கூறு அணைவுகளுக்கு இன்றும் பலர் முதலில் நாடுவது அந்த முறையைத்தான். பலபடிக்காரர்களுக்கு அதனால் பயனில்லை, ஏனென்றால் கரைசலே கிடையாது. அதே ஈவான்ஸ் 1974-இல் வெளியிட்ட இன்னொரு வடிவமைப்புதான் இந்தத் தராசு. இது திண்மப் பொடியை அப்படியே அளக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். பழைய காந்தத் தராசுகளில் காந்தம் அசையாமல் நிற்கும், மாதிரியின் எடை மாறும். ஈவான்ஸ் அதைத் தலைகீழாக்கினார். ஒரு சிறு தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சோடி நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. தண்டு நடுவில் தாங்கப்பட்டு எளிதாக அசையும் நிலையில் நிற்கிறது. ஒரு சோடியின் இடைவெளிக்குள் மாதிரிக் குழாயை இறக்குகிறோம். குழாயில் இருப்பது பாராகாந்தப் பொருள் என்றால் காந்தங்கள் அதை நோக்கி இழுபடும், டயாகாந்தப் பொருள் என்றால் விலகும். அந்த நகர்வைக் கருவி உணர்ந்து, மறுமுனைச் சோடிக்கு நடுவிலுள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் செலுத்தித் தண்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவருகிறது. அதற்குத் தேவைப்பட்ட மின்னோட்டமே திரையில் எண்ணாகத் தெரிகிறது. மின்காந்தம், குளிர்நீர்க் குழாய், கனத்த மின்வழங்கி எதுவும் தேவையில்லை. மேசையின் ஒரு மூலை போதும்.

எங்கள் துறையில் இதற்கு முன் இருந்தது கூய் தராசு. பிரெஞ்சு இயற்பியலாளர் கூய் 1889-இல் சொன்ன தத்துவத்தில் இயங்குவது. பகுப்பாய்வுத் தராசின் தட்டிலிருந்து நூலில் தொங்கும் குழாய், கீழே மின்காந்தத்தின் இரு துருவங்கள். குழாய் துருவத்தில் இலேசாக உரசினாலும் எடை பொய்யாகிவிடும். கோடையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு வேர்வையில் நின்று அளக்க வேண்டும். எனக்கு அந்தக் கருவிமேல் மரியாதை உண்டு. காந்தப் புலத்தை மாற்றி மாற்றி அளக்க முடிந்தது அதன் பெரிய நன்மை, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அது கேட்கும் மாதிரி ஏறத்தாழ ஒரு கிராம். டெஃப்லான் உறையிட்ட எஃகு உருளையில் மூன்று நாள் சூடாக்கி, மெல்லக் குளிரவைத்து, வடிகட்டி எடுத்தால் ஒரு முறைக்குச் சில பத்து மில்லிகிராம் படிகம் தேறும் உலகம் எங்களுடையது. ஒரு கிராம் சேர்ப்பதற்குள் மாணவரின் உதவித்தொகைக் காலமே முடிந்துவிடும். ஈவான்ஸ் தராசுக்கு 150 முதல் 200 மில்லிகிராம் போதும். குறுகிய துளையுள்ள குழாய்களில் இன்னும் குறைவாகவே போதும்.

காந்தத் தராசு என்பது நமக்கு வெளியிலிருந்து மட்டும் வந்த பொருளல்ல என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. லாகூரில் இருந்தபோது சாந்தி ஸ்வரூப் பட்நாகரும் மாதூரும் 1928-இல் ஒரு காந்தக் குறுக்கீட்டுத் தராசை வடிவமைத்தார்கள். அதை லண்டனில் ஆடம் ஹில்கர் நிறுவனம் தயாரித்து விற்றது. அந்தத் தலைமுறை கருவியையும் தானே செய்துகொண்டது என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

இனி, இந்தத் தராசில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எந்தக் காந்தத் தராசையும் ஏற்புத்திறன் நன்கு தெரிந்த ஒரு பொருளால் முதலில் அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். ஃபிகிஸ், நைஹோம் இருவரும் 1958-இல் அதற்காகப் பரிந்துரைத்து இன்றுவரை உலகமெங்கும் பயன்படும் திண்மம், மெர்க்குரி டெட்ராதயோசயனேட்டோ கோபால்டேட். எம்.எஸ்சி. கனிம வேதியியல் செய்முறையில் பலரும் கையால் தயாரித்த அதே ஆழ்நீலப் பொடி. இந்தப் பொடியே ஓர் அணைவுப் பலபடிதான். கோபால்ட்டைச் சுற்றி நான்கு நைட்ரஜன்கள், பாதரசத்தைச் சுற்றி நான்கு கந்தகங்கள், இரண்டும் நான்முகி வடிவம். இரண்டையும் தயோசயனேட்டு பாலமிட்டு முப்பரிமாண வலையாக்குகிறது. பலபடிகளை அளக்கும் அளவுகோலே ஒரு பலபடி!

அது ஏன் அளவுகோலாயிற்று என்று யோசித்தால் நம் துறையின் பாடம் பாதி கிடைத்துவிடும். கோபால்ட்டு 2+ அயனிக்கு மூன்று இணையாகா (சோடி சேராத) எலக்ட்ரான்கள் இருப்பதால் சமிக்ஞை பலமாக வருகிறது. கோபால்ட்டுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் இருப்பதால் அவற்றுக்கிடையே காந்தப் பேச்சுவார்த்தை மிகக் குறைவு. அதனால் வெப்பநிலையோடு ஏற்புத்திறன் ஒழுங்காக மாறுகிறது. படிகநீர் கிடையாது, காற்றின் ஈரத்தை உறிஞ்சாது, குழாயில் நன்றாக அடைபடும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கிராமுக்கு அதன் ஏற்புத்திறன் சிஜிஎஸ் அலகில் 16.44 × 10⁻⁶. பாடநூல்களில் இந்த ஒரே எண்தான் அச்சாகியிருக்கும். நம் ஊர் ஆய்வகத்தில் 20 டிகிரி ஏது? 30 டிகிரியில் அது ஏறத்தாழ 15.9 ஆகிவிடும். திருத்தாமல் அளவுத்திருத்த மாறிலியைக் கணக்கிட்டால், அதன்பின் அளக்கும் ஒவ்வொரு சேர்மத்திலும் அந்த 3 சதவீதப் பிழை சத்தமில்லாமல் ஏறிக்கொள்ளும். தராசின் பக்கத்திலேயே ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுங்கள். இன்னொன்று, அதில் பாதரசம் இருக்கிறது. தொட்டியில் கழுவி ஊற்றாமல் தனிப் புட்டியில் சேர்த்துவையுங்கள்.

ஒரு முழு அளவீட்டை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். மாணவி ஒருத்தி ஒரு நீர் மூலக்கூறுள்ள தாமிர அசிட்டேட்டை அளந்தது இது. கருவியை இயக்கி அரைமணி நேரம் சூடேற விட்டாள். குமிழைத் திருகிச் சுழியம் வைத்தாள். வெற்றுக் குழாய்க்குத் திரையில் மைனஸ் 34 வந்தது (கண்ணாடி டயாகாந்தம், அதனால் எதிர்க்குறி). பொடியைச் சிறிது சிறிதாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் குழாயின் அடியை மரப்பலகையில் மெல்லத் தட்டி அடைத்தாள். உயரம் 2.1 செ.மீ., எடை 0.168 கிராம். இப்போது திரையில் 256. வித்தியாசம் 290. கருவி மாறிலி 1.02. மாறிலி, உயரம், வித்தியாசம் மூன்றையும் பெருக்கி, எடையாலும் நூறு கோடியாலும் வகுத்தால் ஒரு கிராமுக்கான ஏற்புத்திறன் 3.70 × 10⁻⁶ கிடைக்கிறது. மூலக்கூறு எடை 199.65-ஆல் பெருக்கினால் 7.38 × 10⁻⁴. இதோடு டயாகாந்தத் திருத்தம் (சோடி சேர்ந்த எலக்ட்ரான்களின் எதிர்ப்பங்கை ஈடுசெய்வது) 0.87 × 10⁻⁴ சேர்த்தால் 8.25 × 10⁻⁴. அன்றைய வெப்பநிலை 303 கெல்வின். இவ்விரண்டிலிருந்தும் ஒரு தாமிர அயனிக்கான காந்தத் திருப்புத்திறன், அதாவது அந்த அயனி எவ்வளவு வலிய சிறு காந்தம் என்ற எண், போர் மேக்னெட்டான் அலகில் 1.41.

எலக்ட்ரானின் சுழற்சியை மட்டும் கணக்கில் கொண்டாலே ஓர் இணையாகா எலக்ட்ரானுக்கு 1.73 வர வேண்டும். நடைமுறையில் தாமிரச் சேர்மங்கள் 1.8-க்கும் 2-க்கும் இடையில் தரும். அதே மாணவி அதற்கு முன் அளந்த மயில்துத்தம் 1.9-ஐ ஒட்டித் தந்தது. அதிலும் தாமிரங்களைச் சல்பேட்டு சங்கிலியாகக் கோத்திருக்கிறது, ஆனாலும் அறை வெப்பநிலையில் ஒவ்வொரு தாமிரமும் தனியாள்தான். அசிட்டேட்டில் மட்டும் ஏன் இந்த வீழ்ச்சி?

இதற்கு விடை கண்டவர்களின் கதையில் எங்கள் வட்டாரத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். வத்திராயிருப்பில் பிறந்து, திருவில்லிபுத்தூரிலும் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் படித்த கே.எஸ். கிருஷ்ணன், டாக்கா பல்கலைக்கழகத்தில் மெல்லிய இழையில் படிகங்களைத் தொங்கவிட்டு அவற்றின் காந்தத் திசைமாறுபாட்டை (திசைக்குத் திசை காந்தக் குணம் மாறுவதை) அளக்கும் துல்லியமான முறைகளை வளர்த்தெடுத்தார். அங்கே அவருடன் பணியாற்றியவர் பி.சி. குஹா. அந்தக் குஹா 1951-இல் தாமிர அசிட்டேட்டைக் குளிர்விக்கக் குளிர்விக்க அதன் ஏற்புத்திறன் கூடாமல் குறைந்துபோவதை அளந்து வெளியிட்டார். சாதாரணப் பாராகாந்தம் இதற்கு நேர்மாறாக நடக்கும். அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டில் பிளீனி, போவர்ஸ் இருவரும், தாமிரங்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து எதிரெதிர்ச் சுழற்சியில் பிணைந்திருக்கின்றன (இதுவே எதிர் ஃபெர்ரோகாந்தப் பிணைப்பு) என்று விளக்கினார்கள். 1953-இல் எக்ஸ்-கதிர் ஆய்வு அந்தச் சோடியை நேரில் காட்டியது: நான்கு அசிட்டேட்டுகள் துடுப்புச் சக்கரத்தைப்போல இரு தாமிரங்களைச் சுற்றிக் கட்டியிருக்கின்றன. முன்பு ஒரு முழு ஆராய்ச்சியாக இருந்த செய்தியின் தடயத்தை இன்று முதுகலை மாணவி ஒரு பிற்பகலில் தன் கையால் பிடித்துவிடுகிறாள். இந்தத் தராசுக்குக் கொடுத்த பணம் எனக்கு அங்கேயே திரும்பிவிட்டது.

தாமிர அசிட்டேட்டு பலபடி அல்ல, தனி மூலக்கூறு. ஆனால் அந்தத் துடுப்புச் சக்கரத்தை அப்படியே முடிச்சாக வைத்து, அசிட்டேட்டுக்குப் பதில் மூன்று கார்பாக்சிலேட்டு கைகளுள்ள பென்சீன் ஈனியால் பிணைத்தால் எச்கேயுஎஸ்டி-1 கிடைக்கிறது. 1999-இல் ஹாங்காங்கில் வெளியான, உலகெங்கும் ஆய்வகங்களில் தயாரிக்கப்படும் நுண்துளைப் பலபடி அது. தராசில் வைத்தால் அதுவும் 1.73-க்குக் கணிசமாகக் கீழே நிற்கிறது. கட்டமைப்பு சரியாக உருவாகியிருக்கிறதா என்பதற்கு எக்ஸ்-கதிர்த் தூள் வரைபடத்தோடு சேர்த்து இதுவும் நல்ல சாட்சி. முடிச்சு உடைந்து தாமிரங்கள் பிரிந்திருந்தால் எண் மேலேறிவிடும்.

இனி எச்சரிக்கை. இந்தத் தராசு அறை வெப்பநிலையில் மட்டும் அளக்கிறது. அறை வெப்பநிலை என்பது 300 கெல்வின் அளவுக்கு அணுக்களை உலுக்கிக்கொண்டிருக்கும் ஆற்றல். இரு உலோக அயனிகளுக்கிடையேயான காந்தப் பிணைப்பு அந்த உலுக்கலுக்கு ஈடுகொடுத்தால்தான் தராசில் தெரியும். தாமிர அசிட்டேட்டில் அந்தப் பிணைப்பு கெல்வின் கணக்கில் 400-க்கு மேல், அதனால் தெரிந்தது. தாமிர நைட்ரேட்டையும் பைரசீனையும் நீரில் சேர்த்தால் படியும் தாமிர பைரசீன் நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாமிரம், பைரசீன், தாமிரம், பைரசீன் என்று ஒரே திசையில் ஓடும் அருமையான சங்கிலி. ஒருபரிமாணக் காந்தவியலின் கோட்பாடுகளைச் சோதிக்க இயற்பியலாளர்கள் இதைத்தான் விரும்பி எடுக்கிறார்கள். ஆனால் அதில் பிணைப்பு ஏறத்தாழ 10 கெல்வின் மட்டுமே. ஏற்புத்திறன் வளைகோடு மேடாகி வளைவது 7 கெல்வினுக்கு அருகில். சங்கிலிகள் தங்களுக்குள் ஒழுங்குபடுவதோ 0.1 கெல்வினை ஒட்டி. நம் தராசில் வைத்தால் மயில்துத்தத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. "அறை வெப்பநிலையில் திருப்புத்திறன் 1.85, ஆகவே காந்தப் பிணைப்பு இல்லை" என்று ஆய்வேட்டில் எழுதுகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். தராசு சொன்னது "இந்த வெப்பநிலையில் எனக்குத் தெரியவில்லை" என்பது மட்டுமே.

பிரஷ்ய நீலமும் அப்படித்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்த சாயம், அணைவுப் பலபடிகளிலேயே மிகப் பழையவற்றுள் ஒன்று. அதில் ஒவ்வோர் இரும்பு 3+ அயனியும் ஐந்து இணையாகா எலக்ட்ரான்களோடு தராசில் சாதாரணப் பாராகாந்தமாகவே நிற்கும். 5.6 கெல்வினுக்குக் கீழே அதுவே ஃபெர்ரோகாந்தம், அதாவது இரும்பைப்போல உண்மையான காந்தம். அதே வலையில் இரும்புக்குப் பதில் வனேடியத்தையும் குரோமியத்தையும் வைத்து, 1995-இல் வெர்டாகேயின் பாரீஸ் குழு 315 கெல்வின் வரை காந்தமாகவே இருக்கும் சேர்மத்தைச் செய்தது. அது 42 டிகிரி செல்சியஸ், நம் ஊர்க் கத்திரி வெயில். 2020-இல் குரோமியமும் பைரசீனும் சேர்ந்த ஒரு தளப் பலபடியில் அந்த எல்லை 515 கெல்வினுக்குப் போயிற்று. இப்படிப்பட்ட உண்மையான காந்தங்களை ஈவான்ஸ் தராசில் வைக்கவே கூடாது. ஏற்புத்திறன் புலத்தோடு மாறாது என்ற எண்ணத்தில்தான் அதன் சூத்திரம் நிற்கிறது.

மாணவர்களுக்குக் காட்ட எனக்குப் பிடித்த மாதிரி இரும்பு டிரையசோல் சங்கிலி. இரும்பு டெட்ராஃபுளூரோபோரேட்டையும் 1,2,4-டிரையசோலையும் கலந்து, இரும்பு ஆக்சிஜனேற்றம் அடையாமலிருக்கச் சிறிது அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் ஊதா நிறப் பொடி படியும். அறை வெப்பநிலையில் இரும்பு 2+ தாழ்சுழற்சி நிலையில் இருக்கிறது, ஆறு d எலக்ட்ரான்களும் சோடி சேர்ந்துவிட்டன. தராசில் வைத்தால் ஏறத்தாழ வெற்றுக் குழாயின் எண்ணே வருகிறது. சற்றே மேலே நின்றால் அது சங்கிலிகளின் முனைகளிலும் குறைபாடுகளிலும் எலக்ட்ரான்கள் சோடி பிரிந்த உயர்சுழற்சியிலேயே தங்கிவிட்ட சில இரும்புகளின் வேலை. பொடியைக் கண்ணாடித் தட்டில் பரப்பிச் சூடாக்கினால் 385 கெல்வினை ஒட்டி நிறம் வெளுத்துவிடும், நான்கு எலக்ட்ரான்கள் சோடி பிரிந்துவிட்டன. குளிரவிட்டால் உடனே ஊதாவாகாது, 345 கெல்வின் வரை வெண்மையிலேயே பிடிவாதமாக நிற்கும். சங்கிலியில் ஓர் இரும்பு பருத்தால் பக்கத்து இரும்பையும் தள்ளுகிறது, அதனால் எல்லாம் சேர்ந்தே மாறுகின்றன. இந்த மாற்றத்தின் முதல் பாதியை எண்ணாகவும் அடுத்த பாதியைக் கண்ணாலும் பார்க்கிறோம். சூட்டில் அளக்கும் வசதி இந்தத் தராசில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஒவ்வோர் ஆண்டும் ஏங்குகிறேன்.

பலபடிக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுவது மூலக்கூறு எடையை. தராசு தருவது ஒரு கிராமுக்கான எண். அதை ஓர் உலோக அயனிக்கான எண்ணாக மாற்ற, அந்தக் கிராமில் எத்தனை அயனிகள் என்று தெரிய வேண்டும். நுண்துளைப் பலபடி காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். எச்கேயுஎஸ்டி-1-இன் வாய்பாட்டில் மூன்று நீர் என்று வைத்தால் எடை 659. துளைகளில் இன்னும் பத்து நீர் ஒளிந்திருந்தால் 839. குறைந்த எண்ணைப் போட்டால் திருப்புத்திறன் உண்மையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்து தெரியும். அந்தக் குறைவைப் பார்த்து "எதிர் ஃபெர்ரோகாந்தப் பிணைப்பு பலமாக இருக்கிறது" என்று ஒரு பத்தி எழுதிவிட எத்தனை நேரமாகும்? அது பிணைப்பு அல்ல, தண்ணீர். அளப்பதற்கு முன்போ, அளந்த அதே பொடியை எடுத்தோ, வெப்ப எடைப்பகுப்பு (சூடாக்கி எடையிழப்பை அளப்பது) செய்யாமல் நுண்துளைப் பலபடிக்குத் திருப்புத்திறன் எழுதாதீர்கள்.

நேர் எதிர்த் திசையில் ஏமாற்றுவது இரும்புத் துகள். துருப்பிடித்த கரண்டியால் பொடியைச் சுரண்டினால் கண்ணுக்குத் தெரியாத இரும்பு உள்ளே போய் எண்ணைத் தூக்கிவிடும். கூய் தராசில் புலத்தை மாற்றி அளந்து இதைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம், ஏனென்றால் பாராகாந்தத்தின் ஏற்புத்திறன் புலத்தோடு மாறாது, இரும்பினுடையது மாறும். ஈவான்ஸ் தராசில் இருப்பவை நிலைக்காந்தங்கள், புலம் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கருவியின் உண்மையான குறை இதுவென்று நான் நினைக்கிறேன். அதனால் பழைய கூய் தராசை எடைக்குப் போட விடவில்லை. பிளாஸ்டிக் கரண்டியும் அகேட் உரலும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடைப்பதுதான் கைத்திறன். சங்கிலிப் பலபடிகள் பெரும்பாலும் ஊசி ஊசியான படிகங்கள். குழாயில் போட்டால் குறுக்கும் நெடுக்குமாக நின்று இடையில் காற்றை வைத்துக்கொள்ளும். அரைத்துத்தான் ஆக வேண்டும், அதிகம் அரைத்தால் கரைப்பான் பறந்து சேர்மமே மாறும். மெல்ல அரைத்து, வெளியே கொட்டி, மறுபடி அடைத்து, எண்கள் ஒத்துப்போகும்வரை செய்வதே வழி. ஒரே ஓர் அடைப்பில் எடுத்த எண்ணை நான் மாணவர் குறிப்பேட்டில் ஏற்பதில்லை. பொடியின் உயரம் 1.5 செ.மீ.க்குக் குறையக்கூடாது. திரை 1999 வரைதான் காட்டும், மாங்கனீசு போன்ற பலமான மாதிரிகளுக்குப் பத்து மடங்கு வரம்புக்கு மாற்ற வேண்டும். அந்த வரம்பில் நுட்பம் சற்றுக் குறையும்.

குழாய்கள் மெல்லிய கண்ணாடி, உள்விட்டம் ஒரே சீராகத் துல்லியமாக இழுக்கப்பட்டவை. உடைந்தால் சாதாரணக் கண்ணாடிக் குழாயை வைத்து ஒப்பேற்ற முடியாது. எங்களுக்குக் கருவி கொடுத்த விநியோகஸ்தரிடம் மாற்றுக் குழாய் கேட்டு ஒரு பருவம் முழுவதும் காத்திருந்தோம். நிறுவ வந்த பொறியாளர் அளவுத்திருத்தப் பொடியைக் கொண்டுவரவில்லை, எங்கள் மாணவர்கள் தயாரித்ததை வைத்தே வேலையை முடித்தார். கருவியில் குறையில்லை, பின்சேவையில் குறை உண்டு. விலைப்புள்ளி கேட்கும்போதே குழாய்களையும் பொடியையும் எழுத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஸ்குவிட் காந்தமானி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்குவிட் வேறு உலகம்தான். 2 கெல்வினுக்குக் கீழிருந்து 400 கெல்வின் வரை, 7 டெஸ்லா புலம் வரை, சில மில்லிகிராம் மாதிரியில் எல்லாவற்றையும் வரைந்து கொடுக்கும். பலபடியின் காந்தக் குணம் முழுவதும் அதில்தான் வெளிப்படும். ஆனால் நம் கல்லூரிகளுக்கு அது வெளியூர் மையத்தில் கட்டணம் கட்டி, வரிசையில் நின்று, மாதக்கணக்கில் காத்திருந்து பெறும் சேவை. ஒரு மையத்திலிருந்து எங்களுக்கு வந்த தரவில் 50 கெல்வினை ஒட்டி ஒரு சின்ன மேடு இருந்தது. மாதிரி அறையில் காற்று நுழைந்து ஆக்சிஜன் உறைந்தால் அங்கேதான் அப்படி மேடு வரும். அதைப் பிணைப்பின் அடையாளமாகப் படித்திருந்தால் ஆய்வுக் கட்டுரையே தவறாகியிருக்கும். மறுபடி அளக்கச் சொல்லி மறுபடி வரிசையில் நின்றோம். இப்போது எங்கள் துறையில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். ஈவான்ஸ் தராசில் அறை வெப்பநிலை எண்ணை எடுக்காத எந்த மாதிரியும் ஸ்குவிட்டுக்குப் போகாது. ஸ்குவிட் வளைகோட்டின் 300 கெல்வின் முனை நம் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்ப்போம். ஒத்துப்போகாவிட்டால் எடையிலோ, மூலக்கூறு எடையிலோ, மாதிரியிலோ எங்கோ கோளாறு. வளைகோட்டுக்குச் சமன்பாடு பொருத்துவது அதற்குப் பிறகுதான்.

வாங்குபவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். குமிழ் திருகும் ஆரம்ப மாடலே கற்பிக்கப் போதுமானது. தானியங்கி மாடல் கணக்கைத் தானே போட்டுவிடும், மாணவர் சூத்திரத்தைத் தொடாமலே போய்விடுவார். சுவரோரக் கல்மேடையில் வையுங்கள், மின்விசிறியின் நேர்க் காற்றும் மையவிலக்கியின் அதிர்வும் வேண்டாம். குமிழிமட்டத்தை அவ்வப்போது பாருங்கள். மின்னழுத்தச் சீராக்கி அவசியம். காந்தங்கள் திறந்த இடைவெளியில் இருப்பதால் இரும்புச் சாமான்களைப் பக்கத்தில் வைக்காதீர்கள். இதய முடுக்கி பொருத்தியவர்கள் அருகில் வரவேண்டாம் என்று ஓர் அட்டை எழுதி ஒட்டுங்கள். கேட்கும்போது குறுகிய துளைக் குழாய்கள் இரண்டும், சாதாரணக் குழாய்கள் ஆறும் கேளுங்கள். அளவுத்திருத்தப் பொடியை வாங்கினாலும், அதே பொடியை உங்கள் மாணவர்களையும் தயாரிக்கச் சொல்லி, இரண்டையும் அடுத்தடுத்து அளக்க வையுங்கள். அந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகும் நாளில் உங்கள் மாணவர்கள் தராசைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், பலபடியை அவர்கள் கையில் கொடுக்கலாம்.